வாசகர் கேள்வி – பதில்: நீரடி அதிர்ச்சி அலையும் நம் சமையலறையும்

சென்ற இதழில், நீருக்கடியில் எழுப்பப்படும் அதிர்ச்சி அலையை, அதாவது அழுத்தம் கணநேரத்தில் உயர்ந்து பாயும் அலையைக் கொண்டு ஆப்பிளின் தோல் கிழியாமலே உட்சதையை மட்டும் குழைத்துவிடும் ஜப்பானிய முறையைப் பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். குமாமோட்டோ பல்கலைக்கழகத்திலும் ஓகினாவா தேசியத் தொழில்நுட்பக் கல்லூரியிலும் நடந்த ஆய்வுகளைத் தொட்டு எழுதிய அந்தக் குறிப்புக்குக் கோலாலம்பூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள் கூர்மையானவை. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் தந்தையாருக்குச் சிறுநீரகக் கல்லை அறுவைச் சிகிச்சை இல்லாமல் அதிர்ச்சி அலையால் உடைத்தார்கள். நீங்கள் எழுதியதும் அதே அலைதானா? அப்படியானால் அது அவருடைய சதையை விட்டுவைத்ததும் ஆப்பிளின் சதையைக் குழைத்ததும் எப்படி? — ஒரு வாசகி, செந்தூல்

அதே இனத்து அலைதான் அம்மா. சிறுநீரகக் கல்லை இவ்வாறு உடைக்கும் சிகிச்சை 1980 பிப்ரவரியில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்கு அளிக்கப்பட்டது. கருவியை உருவாக்கியது டோர்னியர் என்னும் விமான நிறுவனம். ஒலியை விஞ்சிப் பறக்கும் விமானத்தின் மேல் மழைத்துளி மோதும்போது உலோகத்துக்குள் என்ன நேர்கிறது என்று ஆராய்ந்தவர்கள்தாம் இந்த அலையை மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார்கள். தொடக்ககாலக் கருவிகளில் நோயாளியை நீர்த்தொட்டிக்குள் அமர்த்தி, நீள்வட்ட வடிவக் கிண்ணம் ஒன்றின் ஒரு குவியத்தில் மின்பொறியை எழுப்பி, அங்கிருந்து கிளம்பும் அலைகள் வந்து கூடும் மற்றொரு குவியத்தில் கல் இருக்கும்படி சரிசெய்வார்கள்.

உங்கள் கேள்வியின் இரண்டாம் பகுதிதான் இந்தத் துறையின் உயிர்நாடி. அலையின் அழுத்தம் எவ்வளவு என்பதைக் காட்டிலும் அது எந்த எல்லையைக் கடக்கிறது என்பதே விளைவைத் தீர்மானிக்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் அடர்த்தி உண்டு, அதனுள் ஒலி செல்லும் வேகமும் உண்டு. இரண்டையும் பெருக்கிக் கிடைக்கும் எண் அடுத்தடுத்த இரு பொருள்களுக்கும் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால், அலை எல்லையைப் பொருட்படுத்தாமல் கடந்து போய்விடும். நீரில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர். மனிதச் சதையிலும் கிட்டத்தட்ட அதுவே. தொட்டி நீரிலிருந்து உங்கள் தந்தையாரின் உடலுக்குள் நுழைந்த அலை பெரிய மாற்றம் எதையும் உணராமல் சென்று, முற்றிலும் வேறான பொருளாகிய கல்லைச் சந்தித்த இடத்தில்தான் தன் ஆற்றலைக் காட்டியது. காற்று நிறைந்த நுரையீரல் அலையின் வழியில் வந்துவிடாதபடி மருத்துவர்கள் கவனமாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஆப்பிளுக்குள் கல் இல்லை, ஆனால் காற்று இருக்கிறது. அதன் பருமனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு வரை, உயிரணுக்களுக்கு இடையேயுள்ள நுண்ணிய காற்றிடங்கள்தாம். ஆப்பிள் நீரில் மிதப்பது அதனால்தான். நீரிலிருந்து காற்றின் எல்லையை அடையும் அலையின் ஆற்றலில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மறுபக்கம் போகும். மீதி எல்லாம் திரும்பிவிடும். திரும்பும்போது அதன் தன்மை தலைகீழாகிறது: அமுக்கிக்கொண்டு வந்த அலை, இழுக்கும் அலையாகத் திரும்புகிறது. உயிரணுச் சுவர்கள் அமுக்கத்தை ஓரளவு தாங்கும், திடீரென்று வரும் இழுவையைத் தாங்குவதில்லை. ஆகவே ஆப்பிளுக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான காற்றிடங்கள் ஒவ்வொன்றின் ஓரத்திலும் சுவர்கள் கிழிந்து சாறு கசிகிறது. காற்றிடம் இல்லாத, நெகிழ்வான தோல் மட்டும் அப்படியே நிற்கிறது. அந்தப் பழத்தைக் கையில் எடுத்து அழுத்தினால் உள்ளே நீர் தளும்புவது தெரியும். தோலில் ஒரு துளையிட்டுப் பிழிந்தால் சாறு வரும்.

கேள்வி: மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். வெடிமருந்து இல்லாமல் மின்சாரத்தால் இந்த அலையை எழுப்புகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு ஆற்றல் வேண்டும்? பாத்திரம் எப்படி இருக்கும்? — ஒரு வாசகர், பாயான் லெப்பாஸ்

மின்னாற்றலைச் சேர்த்துவைக்கும் மின்தேக்கிகளைத் தினமும் பார்ப்பவர் நீங்கள் என்பதால் கணக்கோடு சொல்கிறேன். 800 மைக்ரோஃபாரட் மின்தேக்கித் தொகுதி ஒன்றை 3,500 வோல்ட்டுக்கு ஏற்றினால் அதில் சேரும் ஆற்றல் 4,900 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டையை 10 மீட்டர் உயரத்துக்குத் தூக்குவதற்கு ஆகும் ஆற்றல் இது. அந்த ஆற்றல் முழுவதையும் வெப்பமாக்கி ஒரு லிட்டர் நீருக்குக் கொடுத்தாலும் நீரின் வெப்பநிலை 1.2 பாகைதான் உயரும். இந்த முறையில் உணவு வேகாமலும் மணம் மாறாமலும் இருப்பதற்குக் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. ஆற்றலின் அளவு சிறியது. அது வெளிப்படும் நேரம் அதைவிடச் சிறியது.

நீருக்குள் இரு மின்முனைகளுக்கிடையே மெல்லிய உலோகக் கம்பி ஒன்றைக் கட்டி, மின்தேக்கியைச் சட்டென்று திறந்துவிடுவார்கள். கம்பி உருகி ஓட நேரமில்லாமல் ஆவியாகி விரிகிறது. அந்த விரிவு சுற்றியுள்ள நீரைத் தள்ளும்போது அதிர்ச்சி அலை பிறக்கிறது. நீரில் அது 15 சென்டிமீட்டரைக் கடக்க 100 மைக்ரோநொடி, அதாவது நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு போதும். கம்பியின் துகள் உணவில் படக்கூடாது என்பதற்காக, உணவை மெல்லிய பிளாஸ்டிக் பையிலோ சிலிகான் உறையிலோ அடைத்து மூழ்க வைப்பார்கள். இவ்விரண்டும் ஒலி செல்வதில் நீருக்கு நெருக்கமானவை. அலைக்கு அவை பெரிய தடையாக இருப்பதில்லை.

பைக்குள் உணவைச் சுற்றிக் காற்று தங்கினால் எல்லாம் வீண். வெளிக்காற்றின் மெல்லிய படலமே அலையைத் திருப்பி அனுப்பிவிடும், பையும் கிழியும். ஆகவே காற்றை உறிஞ்சி எடுத்தோ, இடைவெளியை நீரால் நிரப்பியோ மூடுவது இந்த வேலையில் பாதி. பாத்திரத்தின் சுவர் தடித்த எஃகு. நீரிலிருந்து எஃகில் மோதும் அலை, அமுக்கும் அலையாகவே திரும்புகிறது. ஆகவே சுவரின் வளைவைத் தகுந்தபடி அமைத்தால், திரும்பும் அலையை மீண்டும் உணவின் மேல் குவிக்கலாம். ஆய்வாளர்கள் கணினியில் அதிகம் கணக்கிடுவது இந்த வளைவைத்தான்.

கேள்வி: அதிர்ச்சி அலை எழும்போது நீரில் தோன்றும் குமிழிகளும் பொருளை உடைக்கும் என்கிறார்கள். குமிழி என்பது வெறும் காற்றோ ஆவியோதானே? அது எதையாவது உடைக்க முடியுமா? — ஒரு வாசகி, ஜோர்ஜ்டவுன்

குமிழிக்குள் இருப்பது பலமற்றதுதான். பலம் அதைச் சுற்றியுள்ள நீருக்கு உண்டு. விரிந்த குமிழிக்குள் அழுத்தம் குறைந்ததும், சுற்றிலும் இருக்கும் நீர் எல்லாத் திசைகளிலிருந்தும் நடுவை நோக்கி ஓடிவருகிறது. நடு நெருங்க நெருங்க இடம் சுருங்குவதால் வேகம் ஏறிக்கொண்டே போய், கடைசிக் கணத்தில் எல்லாம் ஒரு புள்ளியில் மோதிக்கொள்கின்றன. இதைக் கணக்காக எழுதியவர் இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலி பிரபு, ஆண்டு 1917. நீராவிக் கப்பல்களின் விசிறிகள் அரிக்கப்பட்டுக் குழிகுழியாகிப்போன சிக்கல் அக்காலத்தில் பெரிதாக இருந்தது. அவருடைய சூத்திரப்படி, 1 மில்லிமீட்டர் ஆரமுள்ள வெற்றுக் குமிழி சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் சுமார் 92 மைக்ரோநொடியில் சுருங்கி அழிந்துவிடும்.

குமிழி சுவருக்குப் பக்கத்தில் இருந்தால் நிலைமை இன்னும் கடுமை. சுவர்ப் பக்கத்து நீர் தாராளமாக ஓடிவர முடியாததால், எதிர்ப்பக்கத்து நீர் முந்திக்கொண்டு குமிழியைத் துளைத்து, ஊசி போன்ற தாரையாகச் சுவரில் பாய்கிறது. நொடிக்கு நூறு மீட்டர் அளவிலான வேகத்தில் அத்தாரை பாயும். கப்பல் விசிறியைத் தின்றது இதுதான். உணவுப் பாத்திரத்தின் உட்சுவரைக் காலப்போக்கில் கெடுப்பதும் இதுவே.

உணவு பதப்படுத்தும் பாத்திரத்தில் இருவகைக் குமிழிகளைக் கவனிக்க வேண்டும். ஒன்று, கம்பி ஆவியான இடத்தில் உருவாகும் பெரிய குமிழி. அது விரிந்து, சுருங்கி, மீண்டும் விரிந்து ஊசலாடும். ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் மேலும் ஓர் அழுத்தத் துடிப்பை அனுப்பும். கெட்டியான சுவரை நோக்கி அது நகரும். திறந்த நீர்மட்டத்தை விட்டு விலகும். மற்றொன்று, இழுக்கும் அலை கடந்து செல்லும் வழியில் நீரே பிளந்து தோன்றும் நுண்குமிழிக் கூட்டம். முதல் அலையைத் திட்டமிடுவது எளிது. இந்தக் குமிழிகள் எங்கே, எப்போது அழியும் என்பதைத் திட்டமிடுவது மிகக் கடினம். அதில் தேர்ச்சி வந்தால்தான் ஒவ்வொரு பையிலும் ஒரே விளைவு கிடைக்கும் என்பது என் எண்ணம்.

கடலுக்குள் ஒரு சிறு உயிர் இதை நாள்தோறும் செய்கிறது. வெப்பமண்டலக் கடற்கரைகளில் வாழும் சொடுக்கு இறால், தன் பெரிய கொடுக்கை மூடும் வேகத்தில் நீர்த்தாரையைப் பாய்ச்சி ஒரு குமிழியை உண்டாக்குகிறது. அந்தக் குமிழி அழியும் அதிர்ச்சியில் இரை மயங்கிவிடும். கொடுக்கின் இரு பகுதிகள் மோதும் ஓசை என்று நெடுங்காலம் எண்ணப்பட்டது உண்மையில் குமிழி அழியும் ஓசை என்பதை 2000ஆம் ஆண்டில் அதிவேகப் படப்பிடிப்பு நிறுவியது.

கேள்வி: சௌக்கிட் சந்தையில் வாங்கும் ஆட்டிறைச்சி சில வேளைகளில் எத்தனை விசில் வைத்தாலும் ரப்பர் போல இருக்கிறது. இந்த அலையால் இறைச்சியை மிருதுவாக்க முடியுமா? — ஒரு வாசகர், கம்போங் பாண்டான்

இறைச்சியில் இந்த முறை ஆப்பிளுக்கு முன்பே சோதிக்கப்பட்டுவிட்டது. அமெரிக்காவில் 1990களில் ஜான் லாங் என்னும் பொறியாளர், நீர் நிரப்பிய கலத்தின் அடியில் எஃகுத் தகட்டின் மேல், காற்றுப் புகாமல் கட்டிய மாட்டிறைச்சியை வைத்து, நீருக்குள் சிறிதளவு வெடிமருந்தை வெடிக்கச் செய்யும் முறையை உருவாக்கினார். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் மோர்ஸ் சாலமன் குழுவினர் அதைச் சோதித்தார்கள். இறைச்சியை வெட்டத் தேவைப்படும் விசை பாதியாகவும் அதற்கும் கீழாகவும் குறைந்ததை அவர்கள் கண்டார்கள். இறைச்சியில் முக்கால் பங்கு நீர் என்பதால் அலை தடையின்றி உள்ளே போகிறது. ஆனால் தசைநாரும் அதைச் சுற்றியுள்ள சவ்வும் ஒரே பொருள் அல்ல என்பதால், அவற்றின் எல்லைகளில் சிறுசிறு கிழிசல்கள் உண்டாகின்றன. எஃகுத் தகடு அலையைத் திருப்பி அனுப்பி, இறைச்சி வழியாக இரண்டாம் முறை போகச் செய்கிறது. பின்னர் ஜெர்மனியின் குவாக்கன்பிரூக் நகரிலுள்ள உணவுத் தொழில்நுட்ப ஆய்வகத்தில் வெடிமருந்துக்குப் பதிலாக மின்பொறியைப் பயன்படுத்தும் கருவிகளும் வடிவமைக்கப்பட்டன.

ஆனால் உங்கள் ஆட்டிறைச்சியின் சிக்கல் வேறு. வயதான ஆட்டில் கடினமாக இருப்பது தசைநார் மட்டுமன்று. அதைப் பிணைக்கும் கொலாஜன் என்னும் இணைப்புத் திசுவும் முதிர்ந்து இறுகியிருக்கிறது. அதிர்ச்சி அலை முக்கியமாகத் தசைநாரைத் தளர்த்துகிறது. கொலாஜன் கரைய வெப்பமும் ஈரமும் நேரமும் வேண்டும். கொஞ்ச நேரம் வாட்டி உண்ணும் மாட்டிறைச்சித் துண்டுக்கு இந்த முறை பேருதவி. நம் பிரட்டலுக்கும் குழம்புக்கும் அப்படியில்லை. குக்கரில் விசிலைக் கூட்டுவதைவிட, முதல் விசிலுக்குப் பின் தீயைத் தணித்து நெடுநேரம் விட்டுவிடுவதே உங்களுக்குப் பயன் தரும்.

கேள்வி: இடியாப்ப மாவு அரைத்து விற்கிறோம். இயந்திரத்தில் மாவு சூடாகிவிடுகிறது. பிழியும்போது இழை அறுந்துபோகிறது. அலையால் அரிசியை மாவாக்குவதாகக் கேள்விப்பட்டேன். — ஒரு வாசகர், பட்டர்வொர்த்

உண்மைதான் ஐயா. ஓகினாவாக் கல்லூரியின் ஆய்வுகளில் அரிசி மாவு முக்கிய இடம் பெற்றது. ஜப்பானில் சோறு உண்பது குறைந்து வருவதால், அரிசியை மாவாக்கி ரொட்டியாகவும் வேறு பண்டங்களாகவும் விற்கும் முயற்சிக்கு அங்கு ஆதரவு அதிகம்.

வறண்ட அரிசியைக் கல்லோ உருளையோ நசுக்கும்போது உராய்வினால் வெப்பம் ஏறுகிறது. மாவுச்சத்தின் மணிகள் அடிபடுகின்றன. அடிபட்ட மணி பச்சைத் தண்ணீரையே அளவுக்கு மீறிக் குடித்துவிடும். நீங்கள் வழக்கமான அளவு தண்ணீர் ஊற்றியும் மாவு ஒரு நாள் இறுகியும் ஒரு நாள் தளர்ந்தும் வருவதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அதிர்ச்சி அலை அரிசியைத் தேய்ப்பதில்லை. அரிசிக்குள் ஏற்கெனவே உள்ள நுண்விரிசல்களிலும் மணிகளுக்கிடையேயான எல்லைகளிலும் இழுத்துப் பிளக்கிறது, வெப்பமும் ஏறுவதில்லை. ஆனால் ஒரே அடியில் மாவு கிடைத்துவிடாது. பலமுறை அலையைச் செலுத்த வேண்டும், ஒவ்வொரு முறையும் புதுக் கம்பி மாட்ட வேண்டும், பிறகு சலிக்க வேண்டும். நாளொன்றுக்கு நூறு கிலோ அரைப்பவருக்கு இன்றைய நிலையில் இது கட்டுப்படியாகாது.

உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேறு வழி இருக்கிறது. ஊறவைத்த அரிசியை ஈரத்தோடு இடித்து, உலர்த்தி, வறுத்துச் சலித்த நம் பாட்டிமாரின் முறையில் மாவுச்சத்து மணிகள் அடிபடுவது குறைவு என்பதை உணவு அறிவியலும் ஏற்கிறது. ஊறிய அரிசி மென்மையாகி எளிதில் உடைகிறது. உள்ளிருக்கும் நீர் சூட்டைத் தணிக்கிறது. உங்கள் இயந்திரத்தில் ஈர அரிசியை அரைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

கேள்வி: பேரங்காடிகளில் விற்கும் சாறுப் புட்டிகளில் ‘உயர் அழுத்த முறை’ என்று அச்சிட்டிருக்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா? — ஒரு வாசகி, பங்சார்

இல்லை. அங்கே புட்டியை நீர் நிறைந்த கலத்தில் வைத்து 400 முதல் 600 மெகாபாஸ்கல் வரையிலான அழுத்தத்தைச் சில நிமிடங்கள் நிலையாகக் கொடுக்கிறார்கள். 600 மெகாபாஸ்கல் என்பது உலகின் மிக ஆழமான கடலடியில் உள்ள அழுத்தத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். எல்லாப் பக்கமும் சமமாக அழுத்துவதால் புட்டி நசுங்குவதில்லை. பெரும்பாலான நுண்ணுயிர்கள் மடிகின்றன. ஜப்பானில் 1990இல் இம்முறையில் தயாரித்த ஜாம் விற்பனைக்கு வந்தது. அதிர்ச்சி அலையோ கணநேரத்தில் கடந்துவிடுகிறது. கட்டமைப்பைத் தளர்த்துமே தவிர, கிருமிகளைக் கொல்லும் என்று அதை நம்பிவிடக் கூடாது. அலையால் பிழிந்த சாற்றையும் குளிரில்தான் வைக்க வேண்டும்.

கேள்வி: எங்கள் தோட்டத்து ஜாதிக்காய்ச் சதையிலிருந்து சாறெடுக்க இது உதவுமா? — ஒரு வாசகர், பாலிக் புலாவ்

ஒரு வாளி நீரில் சதைத் துண்டைப் போட்டுப் பாருங்கள். மிதந்தால் உள்ளே காற்றிடம் உண்டு, நம்பிக்கை வைக்கலாம். மூழ்கினால் பயன் குறைவு. ஜாதிக்காயைவிட, பஞ்சு போன்ற சதையுள்ள ஜம்புக் காய் இந்த அலைக்கு ஏற்றது என்பது என் கணிப்பு.

கேள்வி: சபாவில் மீன்பிடிக்க வெடி வைக்கிறார்கள் என்று செய்தியில் படிக்கிறோம். அதுவும் நீரடி அதிர்ச்சி அலைதானே? வீட்டில் யாராவது இதை முயன்று பார்த்தால்? — ஒரு வாசகர், செபெராங் ஜெயா

ஆம், அதே இயற்பியல்தான். ஒரு வேறுபாடும் இல்லை என்பதே வேதனை. பல மீன்களின் வயிற்றுக்குள் மிதப்பதற்கான காற்றுப்பை இருக்கிறது. ஆப்பிளின் காற்றிடத்துக்கு நேர்வதே அந்தப் பைக்கும் நேர்கிறது: அலை அதன் சுவரில் பட்டுத் திரும்பும்போது பை கிழிந்து, சுற்றியுள்ள உறுப்புகளும் சிதைகின்றன. வெளியே காயமில்லாத மீனை அறுத்துப் பார்த்தால் உள்ளே இரத்தம் கட்டியிருக்கும். செத்த மீன்களில் பல மிதக்காமல் அடியில் தங்கி அழுகிவிடும். பவளப்பாறை நொறுங்கிக் கற்குவியலாகிவிடும். நம் நாட்டின் 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இதைத் தடை செய்கிறது. வெடிபொருளை உரிமமின்றி வைத்திருப்பதே 1957ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டப்படி குற்றம்.

வெடிமருந்தை விடுங்கள், மின்தேக்கி முறையும் வீட்டுக்கு உரியதன்று. மேலே சொன்ன 4,900 ஜூல் மனித உடலில் பாய்ந்தால் உயிர் பிழைப்பது அரிது. மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் மின்தேக்கியில் அது காத்திருக்கும். மூடிய பாத்திரத்தில் நீரைத் திடீரென்று விரியச் செய்தால் மூடியே எறிபொருளாகிவிடும். இளைஞர்கள் யாரும் காணொளியைப் பார்த்துத் தொடங்கிவிட வேண்டாமென்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி: இணையத்தில் மீயொலிக் காய்கறி கழுவும் கருவி வாங்கினேன். குமிழிகள் பூச்சிமருந்தை நீக்கும் என்கிறார்கள். நம்பலாமா? — ஒரு வாசகி, ஆயர் ஈத்தாம்

நம் செவிக்கு எட்டாத உயர் அதிர்வெண் ஒலியாகிய மீயொலியால் கழுவுவது உண்மையான முறைதான். 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியில் ஒத்ததிரும் குமிழியின் ஆரம் ஏறத்தாழ 0.08 மில்லிமீட்டர், கண்ணுக்கு அது எளிதில் தெரியாது. இக்குமிழிகள் அழியும்போது எழும் சிறு தாரைகள் மேற்பரப்பில் ஒட்டிய மண்ணையும் மெழுகையும் பெயர்க்கும். செடி வேர்வழியாக உறிஞ்சிக்கொண்ட பூச்சிமருந்து இலைக்குள்ளேயே இருக்கும். எந்தக் கழுவலும் அதை எட்டாது. கீரையை நெடுநேரம் வைத்தால் இலை கசங்கி நீர்விடும்.

கண்ணுக்குத் தெரியும் பெருங்குமிழிகள் கொப்பளித்து மேலே வருகின்றன என்றால், அது காற்றூதும் கருவி. நீரைக் கலக்கும், அவ்வளவே. உங்களுடையது எவ்வகை என்பதைச் சோதிக்க, சமையலறையில் உணவு மூடப் பயன்படுத்தும் மெல்லிய அலுமினியத் தாளில் ஒரு துண்டை வெட்டிக் கம்பியில் மாட்டி, கருவி நின்றிருக்கும்போதே நீருக்குள் தொங்கவிடுங்கள். ஓரிரு நிமிடம் இயக்கி, நிறுத்தி, மின்செருகியைக் கழற்றிய பின் தாளை எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். குமிழிகள் உண்மையில் அழிந்திருந்தால் தாளில் ஊசிக்குத்துப் போன்ற குழிகளும் துளைகளும் தெரியும். தாள் வழவழப்பாகவே இருந்தால், விற்றவரிடம் கருவியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேளுங்கள்.